சின்ன காயிலே போதும்

மழை வரப்போகிறது என்று அவள் கால் சொல்லவில்லை. முதலில் உறுத்தியது அதுதான். உறுத்தியது என்றுகூடச் சொல்ல முடியாது. முடி வெட்டிக்கொண்டு வந்த நாளில் சட்டைக் காலருக்குள் ஒரு துணுக்கு கிடந்து அரிக்குமே, இருக்கிறதா இல்லையா என்றே தெரியாமல், அப்படி ஒன்று.

ஸ்கூட்டர் விபத்துக்குப் பிறகு அவன் மனைவியின் இடது முழங்காலுக்குக் கீழே ஒரு தகடும் அதைப் பிடித்திருக்கும் திருகுகளும் இருந்தன. மேகம் கூடுவதற்கு முன்பே அந்தக் கால் குடையத் தொடங்கிவிடும். "கொடியில கிடக்கிற துணிய எடுங்க, கால் சொல்லிடுச்சு" என்பாள். வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருக்கும். அவன் கிண்டல் செய்துகொண்டே போய் எடுப்பான். கடைசித் துணியை மடிப்பதற்குள் தூறல் விழும். வானிலை அறிக்கை பொய் சொன்னாலும் சொல்லும், அந்தக் கால் ஒரு தடவைகூடப் பொய் சொன்னதில்லை.

அன்று சாயங்காலம் அவர்கள் இருந்தது ஊருக்கு வெளியே, பழைய பஸ் டிப்போவை இடித்துப் போட்டிருந்த காலி மனையில். விடுமுறை நாள் என்றால் அவன் மெட்டல் டிடெக்டரைத் தூக்கிக்கொண்டு அங்கே போய்விடுவான். ஒரு கம்பு, அதன் நுனியில் வட்டமான தட்டு. அந்தத் தட்டுக்குத்தான் காயில் என்று பெயர். காதில் ஹெட்ஃபோன். காயிலைத் தரையோடு தரையாக வீசிக்கொண்டே நடந்தால், மண்ணுக்குள் கிடக்கும் உலோகம் காதில் கத்தும், கைப்பிடியில் இருக்கும் சின்னத் திரையில் ஓர் எண் வரும். பழைய நாணயம் கிடைக்கும் என்று ஆசை. கிடைப்பதெல்லாம் பஸ் நட்டும் போல்ட்டும். "இன்னும் கொஞ்ச நாள்ல ஒரு முழு பஸ்ஸையே வீட்டுக்குக் கொண்டு வந்துடுவீங்க" என்று அவள் நக்கலடிப்பாள். அடித்துவிட்டுக் கூடவே கிளம்பியும் வருவாள். காலுக்கு நடை நல்லது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

அவன் ஒரு குழியைத் தோண்டிக்கொண்டிருந்தான். மண்ணில் பழைய டீசல் வாடை அடித்தது. தோண்டிய இடத்தில் இன்னும் ஏதாவது மிச்சமிருக்கிறதா என்று காயிலை மறுபடி குழியின் மேல் வீசியபோது, ஹெட்ஃபோனில் அந்தச் சத்தம் வந்தது. டூ-டிட். நீளமாக ஒன்று, குட்டியாக ஒன்று. திரையில் நாற்பத்து மூன்று. அவனுக்குச் சிரிப்பு வந்தது. அந்தச் சத்தமும் அந்த எண்ணும் அவள் காலுடையவை. அவள் பக்கத்தில் வந்து நின்றாலே மெஷின் இப்படித்தான் கத்தும்.

"தள்ளி நில்லு நாப்பத்திமூணு, காலை எடு" என்றான், நிமிராமலே. நாப்பத்திமூணு என்பது அவன் அவளுக்கு வைத்த பட்டப்பெயர். பதில் வரவில்லை. வந்திருந்தாலும் ஹெட்ஃபோனுக்குள் கேட்டிருக்காது. டூ-டிட், டூ-டிட் என்று இன்னும் இரண்டு தரம் வந்தது, அப்புறம் நின்றுவிட்டது. போய்விட்டாள் என்று நினைத்துக்கொண்டான்.

அப்போதுதான் மழை, வாளியைக் கவிழ்த்தது போல. நிமிர்ந்து பார்த்தான். பக்கத்தில் யாரும் இல்லை. அவள் மனையின் அந்தக் கோடியில், ரோட்டோரம், காரை ஒட்டி நின்றுகொண்டிருந்தாள். அவ்வளவு தூரத்தை அந்தக் காலை வைத்துக்கொண்டு எப்போது நடந்தாள் என்று யோசிக்க நேரமில்லை. மெஷினைத் தூக்கிக்கொண்டு ஓடினான். காயில் ஒரு கான்கிரீட் முனையில் மோதி நங்கென்றது. தோண்டிய குழியை மூடாமல் வரக்கூடாது என்பது இந்த வேலையில் எல்லோரும் மதிக்கும் ஒரே விதி. அன்று அவன் மூடவில்லை.

காருக்குள் ஈர மண் வாசனை. டீசல் கலந்த ஈர மண். தன் ஷூவில் ஒட்டியது என்று நினைத்தான். அவள் வெறுங்காலோடு உட்கார்ந்திருந்தாள்.

"செருப்பு எங்க?"

"அறுந்துபோச்சு. விட்டுட்டேன்."

"கால் ஏன் இன்னைக்கு ஒண்ணும் சொல்லல?"

அவள் கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். "எது?" என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் வழக்கம்போல மெஷினைத் துடைத்து, காயிலைச் சோபாவின் காலில் சாய்த்து வைத்தான். இதில் ஒரு சங்கதி உண்டு. காயில் அசைய வேண்டும், இல்லையென்றால் பொருள் அசைய வேண்டும். இரண்டும் சும்மா இருந்தால் மெஷின் ஊமை. அதனால் அவள் சோபாவில் உட்கார்ந்து, பள்ளிக்கூடப் பிள்ளை போலக் காலை ஆட்டுவாள். இரண்டு தரம் ஆட்டுவாள், நிறுத்துவாள், அவன் போதும் என்று ஸ்விட்சில் கை வைக்கும்போது வேண்டுமென்றே இன்னும் ஒரு தரம் ஆட்டுவாள். டூ-டிட், டூ-டிட். கொஞ்சம் விட்டு, டூ-டிட். அவன் முறைப்பான், அவள் சிரிப்பாள். வீட்டுக்குள் ஒரு காயில் நன்றாக இருக்கிறதா என்று பார்க்க அவர்களுக்கு இதைத் தவிர வேறு முறை இருந்ததில்லை.

"ஆட்டு."

அவள் ஆட்டினாள். மெஷின் கத்தவில்லை.

"கிட்ட கொண்டு வா." காயிலின் மேலேயே காலை உரசினாள். ஒன்றுமில்லை. அவன் காயிலைத் திருப்பிப் பார்த்தான். விளிம்பில் மெல்லிய விரிசல். "போச்சு. தண்ணி இறங்கிடுச்சு. புதுசு பார்க்கணும்" என்றான். அவள் காலைத் தூக்கி மடித்துக்கொண்டாள், எந்தச் சிரமமும் இல்லாமல்.

அப்போதே ஒரு ஸ்பூனை எடுத்து ஆட்டிப் பார்த்திருக்கலாம். தோன்றவில்லை. பெண்டாட்டி கால் கத்தவில்லையென்றால் கோளாறு காயிலில்தான் என்று அவன் புத்தி முடிவு கட்டிவிட்டது.

அடுத்து வந்த நாள்களில் நல்ல விஷயங்களாகவே நடந்தன. அவள் மாடிப்படியில் கைப்பிடியைத் தொடாமல் ஏறினாள். இரவில் காலுக்குத் தைலம் தேய்க்கவில்லை. படுக்கையறையில் எப்போதும் இருந்த அந்தக் காரமான தைல வாசனை போய்விட்டது. கால் குணமாகிக்கொண்டு வருகிறது என்று அவன் சந்தோஷப்பட முயன்றான். ஆனால் கையும் காலும் ஓர் இடத்தில் நிற்கவில்லை. ஃபேன் சத்தம் எரிச்சலாக இருந்தது. பூட்டிய கதவை மறுபடி போய்ப் பார்த்தான். விபத்தில் உடைந்த அவள் கால் எலும்பு கூடியபோது கொஞ்சம் குட்டையாகக் கூடிவிட்டது; அதனால் அவள் இடது செருப்பில் மட்டும் ஓர் அடுக்கு கூட வைத்துத் தைத்திருப்பார்கள். இப்போது அவள் பாத்ரூம் செருப்பைப் போட்டுக்கொண்டு நடந்தாள். இரண்டு பக்கமும் ஒரே அளவு. நடையும் ஒரே அளவு. சட், சட், சட் என்று கடிகாரம் போல ஹாலில் நடந்தாள், நின்றாள், நடந்தாள்.

காயில் வாங்கப் போனது ரேடியோ அண்ணன் கடைக்கு. பழைய ரேடியோக்களைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருப்பவர் என்பதால் அந்தப் பெயர். டிடெக்டர் சாமான்களும் விற்பார். அவர் விரிசல் விட்ட காயிலை மாட்டி, மேஜையில் இருந்த ஸ்குரூ டிரைவரை அதன் முன் ஆட்டினார். கணீரென்று கத்தியது. நாணயத்தை ஆட்டினார். கத்தியது.

"நல்லாத்தானே இருக்கு சார்? விளிம்புல ஒரு கீறல், அவ்வளவுதான்."

"இல்லண்ணே, செத்துப்போச்சு. என் வொய்ஃப் காலுக்குக் கத்தல."

ரேடியோ அண்ணன் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "காயிலை டெஸ்ட் பண்ண உங்களுக்கு வேற சாமானே கிடைக்கலையா? அந்த அம்மா எப்படி உங்களைச் சும்மா விடுறாங்க?" கடையே அதிரச் சிரித்தார். அவனும் சிரித்தான். சிரிப்பு அடங்கியபோது அவர், "பிளேட்டை எடுத்துட்டாங்களோ?" என்றார்.

"இல்லையே."

"அப்போ கத்தணுமே." அவர் தலையைச் சொறிந்தார். "சரி, மனசுல சந்தேகம் வந்துட்டா அப்புறம் அந்தக் காயிலோட குடும்பம் நடத்த முடியாது. மாத்திடுங்க." மூன்று காயில்களை எடுத்து மேஜையில் வைத்தார். "சின்னது இருக்கே, குப்பையில பிரமாதமா வேலை செய்யும். பக்கத்துல பக்கத்துல கிடக்கிறதைப் பிரிச்சுச் சொல்லும். ஆனா ஒரு சாணுக்குக் கீழ அதுக்குக் கண்ணு தெரியாது. பெருசு ஆழம் போகும். ஆனா டிப்போ மாதிரி இடத்துல போட்டீங்கன்னா, சந்தைக்கடை மாதிரி எல்லா இரும்பும் ஒண்ணா சேர்ந்து கத்தும். யாரு என்ன சொல்றாங்கன்னே புரியாது. நடுவுல இருக்கிறது ரெண்டுக்கும் பொதுவா. எடுத்துட்டுப் போய்ப் பாருங்க, பிடிக்கலன்னா மாத்திக்கலாம்."

அவன் நடுவாந்தரத்தை எடுத்துக்கொண்டான். முடிவெடுக்கத் தெரியாதவன் எல்லாம் அதைத்தான் எடுப்பான்.

வீட்டில் மாட்டினான். ஸ்பூனுக்குக் கத்தியது. சாவிக்கொத்துக்குக் கத்தியது. அவள் காலுக்குக் கத்தவில்லை. அவன் முட்டி போட்டபடியே இருந்தான். அவள் ஆட்டிய கால் அவன் முகத்துக்கு நேரே வந்து வந்து போனது. தையல் தழும்பு இருந்தது. அதே இடம், அதே நீளம். தழும்புக்குள் எதுவும் இல்லை.

"என்ன, இதுவும் கத்தலையா?" என்றாள்.

"இதுவும்... சரியில்ல போல. மாத்தணும்."

"சின்னதா வாங்குங்க."

அவன் நிமிர்ந்தான். மூன்று அளவு இருப்பதை அவன் அவளிடம் சொல்லவே இல்லை. கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவள் காயிலைப் பற்றி வாய் திறந்ததும் இல்லை.

"சின்ன காயிலே போதும்" என்றாள் அவள். குரல் அவளுடையதுதான். "ஆழமா எதுக்கு?"

அவன் வேலை பார்ப்பது காது மெஷின் விற்கும் கடையில். காது சரியாகக் கேட்கிறதா என்று சோதிப்பவன் அவன்தான். கண்ணாடி வைத்த சின்ன அறைக்குள் ஆளை உட்கார வைத்து, ஹெட்ஃபோன் மாட்டி, சத்தம் கேட்டால் விரலைத் தூக்கச் சொல்வான். முன்பெல்லாம் அவன் மனைவி அங்கே வந்தால் தானாகவே போய் உட்கார்ந்துகொள்வாள். சரியான திருட்டுக் கழுதை. கண்ணாடியில் அவன் தோள் அசைவதைப் பார்த்து, கேட்காத சத்தத்துக்கெல்லாம் விரலைத் தூக்கி, "எனக்குப் பாம்புக் காது" என்று பீற்றிக்கொள்வாள்.

மறுநாள் மத்தியானம் அவன் மறந்து வைத்த போனைக் கொடுக்க அவள் வந்தாள். கடையில் ஆள் இல்லை. "உட்காரேன், மெஷினைச் சரி பார்க்கணும்" என்றான். சுவரைப் பார்க்கும்படி நாற்காலியைத் திருப்பிப் போட்டான்.

சத்தத்தைக் குறைத்துக்கொண்டே போனான். விரல் எழுந்தது. இன்னும் குறைத்தான். எழுந்தது. மனிதக் காதுக்குக் கேட்கிற கடைசி அளவுக்கு வந்தான். எழுந்தது. நிதானமாக, நேராக, ஒற்றை விரல். அவன் ஹெட்ஃபோன் வயரையே மெஷினிலிருந்து பிடுங்கினான். பொத்தானை அழுத்தினான். விரல் எழுந்தது.

அவன் பொத்தானிலிருந்து கையை எடுத்துவிட்டான். இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு, மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு பார்த்தான். அறைக்குள் அவள் முதுகு அசையவில்லை. விரல் மட்டும் எழுந்தது. இறங்கியது. மறுபடி எழுந்தது, இறங்கியது. ஒரு நிறுத்தம். அப்புறம் ஒரு தரம்.

அவன் எதையும் அழுத்தவில்லை. அவள் எதையோ கேட்டுக்கொண்டிருந்தாள்.

அவளை ஆட்டோவில் ஏற்றி அனுப்பிவிட்டு, கடையைச் சாத்திக்கொண்டு காரை எடுத்தான். நடுவாந்தரக் காயில் மாட்டிய மெஷின் பின்சீட்டில் கிடந்தது. டிப்போ மனைக்குப் போய்ச் சேர்ந்தபோது இன்னும் வெயில் இருந்தது. வெயிலில் எதற்குப் பயம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். மனை முழுக்க நெருஞ்சியும் உடைந்த செங்கல்லும். குழி அப்படியே திறந்து கிடந்தது. மழை பெய்த குழியில் தண்ணீர் நிற்க வேண்டும். நிற்கவில்லை.

காயிலை வீசினான். ஒரு போல்ட். ஒரு தகரத் துண்டு. அப்புறம், அதற்கெல்லாம் கீழே, சுவருக்கு அந்தப் பக்கம் பேசுவது போல மெலிதாக, டூ-டிட்.

நாற்பத்து மூன்று.

'தள்ளி நில்லு, காலை எடு' என்று அன்றைக்குச் சொன்னது நினைவுக்கு வந்தது. அவள் பக்கத்தில் நிற்கிறாள் என்று நினைத்துத்தான் சொன்னான். அந்த நேரத்தில் பக்கத்தில் யாரும் இல்லை. சத்தம் குழிக்குள்ளிருந்து வந்திருக்கிறது. அவள் கூப்பிட்டிருப்பாள். ஐயோ, கூப்பிட்டிருப்பாள், அவன் காதில் ஹெட்ஃபோன் இருந்தது.

வெறி பிடித்தவன் போலத் தோண்டினான். முழங்கை ஆழம் போனதும் மண்வெட்டியில் மெத்தென்று ஏதோ தட்டுப்பட்டது. கையால் தோண்டி எடுத்தான். ஒரு செருப்பு. இடது கால் செருப்பு. குதிகாலில் ஓர் அடுக்கு கூட வைத்துத் தைத்த செருப்பு. வார் அறுந்திருக்கவில்லை.

வாய்விட்டு அழுதான். மறுபடி காயிலை வைத்தான். சத்தம் இருந்தது, ஆனால் முன்பைவிடத் தள்ளி. தோண்டினான். இன்னும் தள்ளிப் போனது. அவன் ஒரு கை மண்ணை எடுத்தால் அது இரண்டு கை கீழே இறங்கியது. கடைசியில் அந்தக் காயிலுக்கு எட்டாத ஆழத்துக்குப் போய்விட்டது. நட்டுகளும் போல்ட்டுகளும் மட்டும் கத்தின.

யாரைக் கூப்பிடுவது? போலீசையா? மனைவியைக் காணோம் என்றால், வீட்டில் யார் என்று கேட்பார்கள். மனைவி வீட்டில்தான் இருக்கிறாள், ஆனால் மனைவியைத் தோண்டி எடுக்க ஆள் வேண்டும் என்று எந்த வாயால் சொல்வது? இதைச் சொன்னால் அவனைத்தான் பிடித்து எங்காவது கட்டிப் போடுவார்கள். அதற்குள் அவள் இன்னும் எவ்வளவு ஆழம் போவாளோ.

நேரே ரேடியோ அண்ணன் கடைக்கு ஓட்டினான். அவர் அவன் சட்டையைப் பார்த்தார், கையைப் பார்த்தார், நகக்கண்ணில் இருந்த மண்ணைப் பார்த்தார்.

"பெருசு குடுங்கண்ணே."

"சார், அந்த டிப்போவுக்கா? சொன்னேனே. ஆழம் போகும், ஆனா அடையாளம் சொல்லாது. எண்ணு எல்லாம் கன்னாபின்னான்னு காட்டும். எல்லாம் ஒரே இரைச்சலா இருக்கும்."

"எண்ணு வேண்டாம். காதே போதும். காதுதான் என் பிழைப்பு."

"அப்படி என்னதான் சார் கீழ கிடக்கு?"

"என்னோடது" என்றான். ரேடியோ அண்ணன் அதற்கு மேல் கேட்கவில்லை. அவரே காயிலை மாட்டி, வயரைக் கம்பில் சுற்றி, இறுக்கிக் கொடுத்தார். "தனியாப் போகாதீங்க, வேணும்னா நான் வரட்டுமா?" என்றார். கடையை அடைத்துவிட்டு வருகிறேன் என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் அவன் காரில் இருந்தான்.

திரும்பி வந்தபோது வெளிச்சம் இறங்கிவிட்டது. காரை மனைக்குள்ளேயே ஓட்டி, குழியைப் பார்த்து நிறுத்தி, ஹெட்லைட்டை எரியவிட்டான். பூச்சிகள் வெளிச்சத்தில் மொய்த்தன. என்ஜின் சூடு தணிந்து டிக் டிக் என்றது. வாட்டர் டேங்க் மூடி அகலத்துக்கு இருந்த காயிலை இரண்டு கையாலும் பிடித்துக் குழிக்குள் இறக்கி, ஹெட்ஃபோனை மாட்டினான்.

இரைச்சல் காதில் அறைந்தது. ஒரு டிப்போவின் அத்தனை வருஷத்துக் கழிவும் ஒரே நேரத்தில் முனகியது. நட்டு, போல்ட், ஸ்பிரிங், பட்டை, தகரம், ஆணி, எது எதுவென்று பிரிக்க முடியாத, கரகரவென்ற, மூச்சு விடாத ஒரு முனகல். அதற்குள் அவன் கண்ணை மூடிக்கொண்டு, காது கேட்காதவர்களின் முகங்களைப் பார்த்துப் பார்த்துப் பழகிய பொறுமையை எல்லாம் திரட்டிக்கொண்டு, ஒவ்வொரு சத்தமாக ஒதுக்கிக்கொண்டே இறங்கினான். இது இல்லை. இதுவும் இல்லை. இது தகரம். இது சங்கிலி.

காயிலை அசைக்காமல் நிறுத்தினான். இரைச்சல் அடங்கியது. அசையாத காயிலுக்கு அசையாத இரும்பு எதுவும் சொல்லாது. மெஷின் ஊமையாகிவிட வேண்டும்.

டூ-டிட்.

அவன் கை அசையவில்லை. காயில் அசையவில்லை.

டூ-டிட்.

நிறுத்தம்.

டூ-டிட்.

காலை ஆட்டுகிறாள். சோபாவில் உட்கார்ந்து ஆட்டுவது போல, இரண்டு தரம் ஆட்டி, நிறுத்தி, இன்னொரு தரம். கீழே, அந்த இருட்டில், மண்ணுக்குள், அவன் காயில் மட்டுமே கண்டுபிடிக்கக்கூடிய அந்த ஒரே காலை, அவன் கேட்பான் என்று நம்பி ஆட்டிக்கொண்டிருக்கிறாள். இத்தனை நாளும்.

"இருக்கேன்டி! வந்துட்டேன், இங்கதான் இருக்கேன்!"

தோண்டினான். மண்வெட்டி உடைந்தது. தகரத் துண்டால் தோண்டினான், கையால் தோண்டினான். இடுப்பளவு இறங்கினான். நகம் பெயர்ந்தது. காயிலை வைத்தான். டூ-டிட், டூ-டிட். டூ-டிட். மெலிந்திருந்தது. தோண்டினான். வைத்தான். இன்னும் மெலிந்தது. பெரிய காயில். இதைவிடப் பெரிசு கிடையாது. "போகாத, போகாத, காலை ஆட்டிக்கிட்டே இரு, நிறுத்திடாத" என்று கெஞ்சினான்.

அப்போது குழிச் சுவரில் ஒரு நிழல் விழுந்தது.

ஹெட்லைட்டுக்கும் குழிக்கும் நடுவே யாரோ வந்து நின்றிருந்தார்கள். அந்தத் தோள் அவனுக்குத் தெரியும். அந்தப் பின்னல் தெரியும். டீசல் கலந்த ஈர மண் வாசனை இறங்கியது. அவன் திரும்பவில்லை.

"சின்னது போதும்னு சொன்னேனே" என்றது குரல். காதில் ஹெட்ஃபோன் இருந்தும் தெளிவாகக் கேட்டது.

டூ-டிட்.

சுவரில் நிழலின் கை உயர்ந்தது. ஒற்றை விரல்.

டூ-டிட்.

விரல்.

நிறுத்தம். டூ-டிட். விரல். அவன் காதுக்குள் மட்டும் ஒலிக்கும் சத்தம். ஒவ்வொன்றுக்கும் விரல் எழுந்தது. தப்பாமல். பிந்தாமல்.

அவன் காயிலை மண்ணோடு வைத்து அழுத்தினான். முழு எடையையும் போட்டு அழுத்தினான். சத்தம் நூலானது. நூல் மெலிந்தது. டூ... அப்புறம் டிட் வரவில்லை.

காத்திருந்தான்.

ஒன்றுமில்லை. வெறும் காற்று. ஹெட்ஃபோனின் சொந்த மௌனம். உலகத்தில் இதற்கு மேல் ஆழம் போகும் காயில் இல்லை. அவனுக்கு இனி எதுவும் கேட்காது.

சுவரில் நிழலின் விரல் எழுந்தது. இறங்கியது.

எழுந்தது. இறங்கியது.

நின்றது.

அப்புறம் இன்னும் ஒரு தரம்.